வளர்ச்சி வந்த பிறகும் ஏன் கோபம்? தாய்லாந்தை வைத்து ஒரு தொடக்கப் பாடம்

வறுமை மிகுந்த நாட்டில்தான் மக்கள் கொதித்தெழுவார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நம்மைச் சுற்றியுள்ள தென்கிழக்காசியாவைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. 2016இல் பிலிப்பீன்ஸ் மக்கள் ரொட்ரிகோ டுட்டர்டேயை அதிபராக்கினார்கள். அந்நாட்டுப் பொருளாதாரம் அந்த ஆண்டு 6 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்தது. 2025 ஆகஸ்டில் இந்தோனீசிய நகரங்களில் ஆர்ப்பாட்டங்கள் வெடித்தன. அங்கும் ஆண்டுக்குச் சுமார் 5 விழுக்காட்டு வளர்ச்சி இருந்துகொண்டுதான் இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வீட்டுப்படியாக மாதம் 5 கோடி ரூப்பியா என்ற செய்தியே அங்கு தீயை மூட்டியது. ஜகார்த்தாவின் குறைந்தபட்சச் சம்பளத்தைப்போல் அது ஏறக்குறைய 10 மடங்கு.

வளரும் நாட்டில், வயிறு ஓரளவு நிறைந்த பிறகு, கோபம் ஏன் பிறக்கிறது? அந்தக் கோபத்தின் மீது ஏறி வரும் தலைவர்கள் எப்படிப்பட்டவர்கள்? அவர்கள் தருவதில் எது நிலைக்கிறது, எது கரைகிறது? இந்தக் கேள்விகளைப் புரிந்துகொள்ளத் தாய்லாந்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அது சிங்கப்பூருக்கு அந்நியமான கதையும் அல்ல. பீச் ரோட்டில் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸை மறந்திருக்க மாட்டீர்கள். மலேசியாவுக்குப் பேருந்து ஏற நம்மவர்கள் பெட்டிகளோடு காத்திருந்த அதே கட்டடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்லாந்துக் கட்டுமானத் தொழிலாளர்கள் கூடுவார்கள். 2023இல் கடைகள் காலி செய்யும்வரை அது அவர்களுடைய இடம். அவர்களில் பலர் இசான் எனப்படும் வடகிழக்குத் தாய்லாந்தைச் சேர்ந்தவர்கள். இந்தக் கதையின் மையமும் அந்த இசான்தான்.

முதலில் ஏற்றத்தாழ்வை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ ஜினி 1912இல் வகுத்த ஓர் அளவை இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. எல்லாருக்கும் ஒரே வருமானம் என்றால் ஜினி குறியீடு 0. மொத்த வருமானமும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்தால் 1. நாடுகள் பெரும்பாலும் 0.25க்கும் 0.6க்கும் இடையில் இருக்கும். எண் ஏறினால் இடைவெளி கூடுகிறது, இறங்கினால் குறைகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, புதிதாகப் படிப்பவர்கள் அதை அவசியம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மாதம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பாதிக்கிறார், இன்னொருவர் 10,000 வெள்ளி. இருவருக்கும் 10 விழுக்காடு உயர்வு கிடைக்கிறது. முதலாமவருக்கு 100 வெள்ளி கூடுகிறது, இரண்டாமவருக்கு 1,000. ஜினி குறியீடு அசையவே இல்லை, ஏனென்றால் விகிதம் மாறவில்லை. ஆனால் இருவருக்கும் இடையிலிருந்த 9,000 வெள்ளி இடைவெளி 9,900 ஆகிவிட்டது. புள்ளியியல் துறை விகிதத்தைப் பார்க்கும். அடுக்குமாடியின் அடியில் நிற்பவர் வெள்ளியைப் பார்ப்பார். இரண்டு பார்வையும் சரியே. “ஏற்றத்தாழ்வு கூடவில்லையே, ஏன் இவ்வளவு சத்தம்?” என்று அதிகாரிகள் வியக்கும்போதெல்லாம் இந்த வேறுபாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்தின் கதைக்கு வருவோம். 1980களின் நடுப்பகுதியில் யென்னின் மதிப்பு ஏறியது. ஜப்பானிய நிறுவனங்கள் செலவு குறைந்த நாடுகளைத் தேடின. பாங்காக்கைச் சுற்றியும் சொன்புரி, ராயோங் கரையோரமும் தொழிற்சாலைகள் முளைத்தன. 1987 முதல் பத்தாண்டுகளுக்கு ஆண்டுச் சராசரி வளர்ச்சி 9 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. உலகிலேயே மிக வேகமாக வளர்ந்த நாடுகளுள் ஒன்று என்ற பெயர் தாய்லாந்துக்குக் கிடைத்தது.

வளர்ச்சி பொய்யல்ல. உலக வங்கிக் கணக்குப்படி 1990இல் தாய்லாந்து மக்களில் பாதிக்கும் மேலானோர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். 2020இல் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அந்த வளர்ச்சி ஓரிடத்தில் குவிந்தது. தொழிற்சாலை, துறைமுகம், வங்கி, பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனை எல்லாம் பாங்காக்கிலும் அதன் அக்கம்பக்கத்திலும்தான். இசானில் நாட்டு மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வாழ்கிறார்கள். அங்கே பெரும்பகுதி மானாவாரி நிலம், வளம் குறைந்த மண், பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே நெல் போகம். இன்றும் தாய்லாந்துத் தொழிலாளர்களில் சுமார் மூன்றில் ஒருவர் விவசாயத்தில் இருக்கிறார். நாட்டின் மொத்த உற்பத்தியிலோ விவசாயத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மூன்றில் ஒரு பங்கு தொழிலாளர்கள் பத்தில் ஒரு பங்கைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த ஒரு கணக்கே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

மீதிப் பாதியை 1973இல் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் எழுதிய ஒரு கருத்து சொல்கிறது. அவர் சுரங்கப்பாதையில் நின்றுபோன வாகன வரிசையை எடுத்துக்காட்டாகச் சொன்னார். நமக்கு உட்லண்ட்ஸ் கடற்பாலம் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை மாலை, ஜோகூர் பாரு நோக்கி இரண்டு தடங்களிலும் வண்டிகள் அசையாமல் நிற்கின்றன. திடீரென்று பக்கத்துத் தடம் நகர ஆரம்பிக்கிறது. நம் வண்டி இன்னும் நகரவில்லை என்றாலும் மனம் இலேசாகிறது, வழி திறந்துவிட்டது, அடுத்தது நாம்தான் என்று. அரை மணி நேரம் ஆகிறது. பக்கத்துத் தடம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. இப்போது அதே காட்சி எரிச்சலைத் தருகிறது, யாரோ முன்னால் நின்று அவர்களை மட்டும் விடுகிறார்கள் என்ற எண்ணம் வருகிறது. கோட்டைத் தாண்டி அந்தத் தடத்துக்குள் வண்டியைத் திருப்பச் சிலர் துணிகிறார்கள்.

பிறர் முன்னேறுவதைப் பார்த்து மக்கள் உடனே கொதிப்பதில்லை, முதலில் நம்பிக்கைதான் கொள்கிறார்கள் என்பதே ஹிர்ஷ்மன் சொன்னதன் உயிர்நாடி. அந்த நம்பிக்கைக்குக் காலக்கெடு உண்டு. வேகமாக வளரும் அரசுகள் தங்களுக்கு நிறைய அவகாசம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது இதனால்தான். பத்து வருடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பிறகு ஒரே ஆண்டில் எல்லாரும் கேட்பார்கள்.

தாய்லாந்தில் அந்த ஆண்டு 1997. தன் நாணயமான பாட்டின் மதிப்பை ஏறாமல் இறங்காமல் பிடித்து வைத்திருந்த அரசு, ஜூலை 2ஆம் தேதி அந்தப் பிடியைத் தளர்த்தியது. அதுவரை டாலருக்குச் சுமார் 25 பாட்டாக இருந்தது, சில மாதங்களில் 50ஐத் தாண்டிச் சரிந்தது. நிதி நிறுவனங்கள் மூடப்பட்டன. கட்டுமானங்கள் பாதியில் நின்றன. அனைத்துலகப் பண நிதியத்தின் தலைமையில் 17.2 பில்லியன் டாலர் கடனுதவி வந்தது, கூடவே சிக்கன நிபந்தனைகளும் வந்தன. பாங்காக்கில் வேலை இழந்த இலட்சக்கணக்கானோர் இசான் கிராமங்களுக்குத் திரும்பினார்கள். அவர்கள் நகரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள். சிலர் சிங்கப்பூரையும் தைவானையும் பார்த்தவர்கள். நல்ல மருத்துவமனை எப்படி இருக்கும், வங்கிக் கடன் எவ்வளவு எளிதாகக் கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பிற்பாடு தாய்லாந்து அரசியலைப் புரட்டிப் போட்டவர்கள் பரம ஏழைகள் அல்லர். ஒரு கால் வயலிலும் ஒரு கால் நகரத்திலும் வைத்து, பாதி ஏணி ஏறி நின்றவர்கள்.

இந்த இடத்தில்தான் தக்சின் ஷினவாத் வருகிறார். வடக்கே சியாங்மாய்ப் பகுதியில் பிறந்தவர், காவல்துறை அதிகாரியாக இருந்தவர், கைத்தொலைபேசித் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்தவர். 1998இல் ‘தாய் ராக் தாய்’ கட்சியைத் தொடங்கினார். 2001 ஜனவரித் தேர்தலில் 500 இடங்களில் 248 அவருக்குக் கிடைத்தன.

ஜனரஞ்சக அரசியல் என்றால் என்ன என்பதை இப்போது தெளிவுபடுத்திக்கொள்ளலாம். நம் தேநீர்க்கடைப் பேச்சில் இலவசம் கொடுத்து ஓட்டு வாங்குவதற்கு அந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறோம். அரசியலைப் படிப்பவர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள். சமூகத்தை இரண்டாகப் பிளந்து பார்ப்பதே அதன் அடையாளம். ஒரு பக்கம் கள்ளங்கபடமற்ற மக்கள், மறுபக்கம் அவர்களை ஏய்க்கும் மேல்தட்டு. “அந்த மக்களின் உண்மையான குரல் நான் ஒருவனே” என்று தலைவர் உரிமை கொண்டாடுவார். அந்த உரிமையை ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? அவரை எதிர்ப்பவர் மக்களை எதிர்ப்பவர் ஆகிவிடுவார். நீதிமன்றம், தணிக்கை அலுவலகம், நாளிதழ் எல்லாம் மக்களின் வழியில் கிடக்கும் முட்டுக்கட்டைகள் ஆகிவிடும்.

ஆக, கொடுப்பது ஒன்று, நானே மக்கள் என்பது இன்னொன்று. எதையும் கொடுக்காமல், வெறுப்பை மட்டும் விதைத்து நடக்கும் ஜனரஞ்சக அரசியலும் உண்டு. யாரையும் எதிரியாக்காமல், சத்தம் போடாமல் ஏழைகளுக்குக் கொடுக்கும் அரசுகளும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் பெரிய அநியாயம் நடக்கிறது. ஏழைக்கு எதைக் கொடுத்தாலும் ‘ஓட்டுக்காக’ என்று ஒதுக்கித் தள்ளுகிறோம். கூடவே, உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதும் நம் கண்ணிலிருந்து தப்பிவிடுகிறது.

தக்சினிடம் இரண்டும் சேர்ந்தே இருந்தன. அவர் கொடுத்ததை முதலில் பார்ப்போம். விவசாயிகள் கடனைத் திருப்பிச் செலுத்த மூன்று ஆண்டு அவகாசம். ஒவ்வொரு கிராமத்துக்கும் 10 இலட்சம் பாட் சுழல்நிதி. வட்டிக்காரரிடம் கையேந்திய குடும்பங்கள் அதிலிருந்து சிறு கடன் வாங்க முடிந்தது. எல்லாவற்றிலும் பெரியது 30 பாட் மருத்துவத் திட்டம். ஏறக்குறைய எந்த நோயானாலும் ஒரு முறை மருத்துவமனைக்குப் போக 30 பாட் போதும். அன்றைய மதிப்பில் ஒரு வெள்ளிக்குச் சற்றே அதிகம்.

இந்தத் திட்டத்தைச் சற்று உள்ளே இறங்கிப் பார்க்கத்தான் வேண்டும். 2001க்கு முன் அரசு ஊழியருக்கு ஒரு காப்புறுதி, தனியார் நிறுவன ஊழியருக்கு இன்னொன்று, மிகவும் ஏழைகளுக்கு ஓர் அட்டை என்று துண்டு துண்டாக இருந்தது. வயலில் வேலை செய்பவர், தள்ளுவண்டிக்காரர், கூலித்தொழிலாளி எனப் பல மில்லியன் பேர் எதிலும் சேரவில்லை. வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால் எருமையோ நிலமோ போகும். கிராமப்புற மருத்துவமனைகளில் பணியாற்றிய மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இதை மாற்றப் போராடினார்கள். அவர்களில் முன்னின்றவர் மருத்துவர் சங்குவான் நித்தயரும்போங். அனைவருக்கும் மருத்துவம் என்ற திட்டத்தை அவர் கையில் வைத்துக்கொண்டு கட்சி கட்சியாகப் போய் விளக்கினார். தக்சினின் கட்சி அதை எடுத்துக்கொண்டது. ஒரு தலைவரின் பெயரில் வந்த திட்டத்துக்குப் பின்னால் பெயர் தெரியாத பலரின் இருபது வருட உழைப்பு இருக்கலாம் என்பதை இதில் பார்க்கிறோம்.

பணம் எப்படிப் போனது என்பது அதைவிட முக்கியம். முன்பெல்லாம் நிதி பெரிய மருத்துவமனைகள் இருந்த இடத்துக்குப் போனது. புதிய திட்டத்தில் மக்கள் இருந்த இடத்துக்குப் போனது. ஒரு மாவட்டத்தில் பதிவு செய்தவர்கள் எத்தனை பேரோ, தலைக்கு இவ்வளவு என்று அந்த மாவட்ட மருத்துவமனைக்கு அரசு வரிப்பணத்திலிருந்து கொடுத்தது. தொடக்கத்தில் அந்தத் தொகை ஆண்டுக்குத் தலைக்கு 1,202 பாட். இசானில் மக்கள் அதிகம், மருத்துவமனை குறைவு. கணக்கு முதன்முறையாக அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2002இல் இது சட்டமாயிற்று, நடத்துவதற்குத் தனி அலுவலகம் அமைந்தது. பின்னர் வந்த ஆண்டுகளில் மருத்துவச் செலவால் வறுமையில் விழும் குடும்பங்கள் குறைந்தன.

இப்போது மறுபக்கம். 2003இல் தக்சின் போதைப்பொருளுக்கு எதிராகப் போர் தொடுத்தார். மூன்று மாதங்களில் 2,000க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், விசாரணை இல்லாமல். 2004 அக்டோபரில் தென்கோடியில் தாக் பாய் என்ற ஊரில் கைதான முஸ்லிம் ஆண்களை ராணுவ லாரிகளில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கி ஏற்றிச் சென்றார்கள். 78 பேர் அப்படியே மூச்சுத் திணறி இறந்தார்கள். இதற்குப் பிறகும், 2005 தேர்தலில் அவருக்கு முக்கால் பங்கு இடங்கள் கிடைத்தன. அந்த ஆண்டிலேயே, தமக்கு வாக்களித்த மாகாணங்களைத்தான் முதலில் கவனிப்பேன் என்று வெளிப்படையாகப் பேசினார். மருத்துவம் கொடுத்த அதே கை இதையும் செய்தது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தாக் பாயில் இறந்தவர்களின் தாய்மாருக்கு 30 பாட் திட்டம் எந்த ஆறுதலும் தராது.

சிங்கப்பூரும் இந்தக் கதைக்குள் வருகிறது. 2006 ஜனவரி 23ஆம் தேதி தக்சினின் குடும்பம் தங்கள் தொலைத்தொடர்பு நிறுவனமான ஷின் கார்ப்பரேஷனில் தங்களுக்கிருந்த பங்குகளை நம் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்குக்குச் சுமார் 73 பில்லியன் பாட்டுக்கு விற்றது. பங்குச் சந்தை வழியாக நடந்த விற்பனை என்பதால் குடும்பம் அதற்கு வரி கட்டவில்லை. தொலைத்தொடர்பில் வெளிநாட்டார் வைத்துக்கொள்ளக்கூடிய பங்கின் உச்சவரம்பை உயர்த்தும் சட்டமும் அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் வந்திருந்தது. பாங்காக் நடுத்தர வர்க்கம் மஞ்சள் சட்டை அணிந்து வீதிக்கு வந்தது. சிங்கப்பூர்த் தூதரகத்துக்கு முன்னாலும் ஆர்ப்பாட்டம் நடந்தது. மேல்தட்டுக்கு எதிராக மக்களுக்காகப் பேசியவர் அந்த மேல்தட்டிலும் மேலே இருந்தவர் என்பது அப்போது எல்லார் கண்ணுக்கும் பட்டது. செப்டம்பர் 19ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

மஞ்சள் சட்டையினரின் அமைப்பின் பெயரிலும் ‘மக்கள்’ இருந்தது. மக்களின் பெயரால் பேசினார்கள். அதே மூச்சில், படிப்பறிவில்லாத கிராமத்தார் காசுக்கு ஓட்டை விற்கிறார்கள், அவர்களுக்குச் சமமான ஓட்டு எதற்கு என்ற பேச்சும் அவர்களிடையே எழுந்தது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி. முதன்முறையாகத் தன் ஊருக்கு மருத்துவர் வரக் காரணமான கட்சிக்கு ஓட்டுப் போடுவது அறியாமையா? தன் தொழிலுக்குச் சாதகமான வரிக்கொள்கையைப் பார்த்து ஓட்டுப் போடும் நகரத்து வியாபாரியை யாரும் அப்படிச் சொல்வதில்லை. இந்த இளக்காரம் இசானில் உண்டாக்கிய காயத்தில்தான் தக்சின் ஆதரவாளர்களின் சிவப்புச் சட்டை இயக்கம் வளர்ந்தது. 2010 ஏப்ரல், மே மாதங்களில் அந்த இயக்கத்தின் போராட்டத்தின்போது பாங்காக் வீதிகளில் 90க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

2006இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் 30 பாட் திட்டத்தைக் கலைக்கவில்லை. அதன்பின் அமைந்த அரசு அந்த 30 பாட் கட்டணத்தைக்கூட நீக்கி, முழு இலவசமாக்கியது. தக்சினின் பெயரை எங்கிருந்தெல்லாம் அழிக்க முடியுமோ அங்கிருந்தெல்லாம் அழித்தவர்கள் இதைத் தொடவில்லை. அதற்குள் அது தலைவரின் கையிலிருந்து மக்களின் கைக்கு வந்துவிட்டது. சட்டம் இருந்தது, அலுவலகம் இருந்தது, ஒவ்வொரு குடிமகனுக்கும் பதிவு இருந்தது.

இதற்கு நேர்மாறாக நடந்தது நெல் கொள்முதல். 2011 ஜூலைத் தேர்தலில் தக்சினின் தங்கை யிங்லக்கின் கட்சி 500இல் 265 இடங்களை வென்றது, ஆகஸ்டில் அவர் நாட்டின் முதல் பெண் பிரதமரானார். ஒரு டன் நெல்லுக்கு 15,000 பாட் தருவோம் என்பது அவருடைய பெரிய வாக்குறுதி. அது சந்தை விலையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தாய்லாந்துதான் உலகின் முதல் அரிசி ஏற்றுமதியாளர், நாம் கிடங்கில் வைத்துக்கொண்டால் உலக விலை தானாக ஏறும், அப்போது விற்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். 2011 செப்டம்பரில் இந்தியா பாஸ்மதி அல்லாத அரிசிக்கான ஏற்றுமதித் தடையை நீக்கியது. நாம் தேக்காவில் வாங்கும் பொன்னியும் அந்த வகைதான். வியட்நாமும் விற்றது. விலை ஏறவில்லை. 2012இல் முதலிடம் இந்தியாவுக்குப் போனது. தாய்லாந்துக் கிடங்குகளில் அரிசி தேங்கியது, இழப்பு பல நூறு பில்லியன் பாட் என்று கணக்கிடப்பட்டது. 2013 கடைசியில் விவசாயிகளுக்கே பணம் கொடுக்க முடியாமல் போயிற்று. நெல்லைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் சாலைக்கு வந்தார்கள். 2014 மே 22ஆம் தேதி மீண்டும் ராணுவ ஆட்சி.

யாருக்குப் பலன் போனது என்பதையும் பார்க்க வேண்டும். விற்பதற்கு நிறைய நெல் வைத்திருப்பவருக்கே அதிக விலையால் அதிக லாபம். வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் விளைவிக்கும் குறு விவசாயிக்கும் நிலமே இல்லாத கூலிக்கும் அதில் ஒன்றுமில்லை. மருத்துவத் திட்டத்தில் தலைக்கு இவ்வளவு. நெல் திட்டத்தில் மூட்டைக்கு இவ்வளவு. ஒரே குடும்பம், ஒரே வாக்காளர்கள், ஆனால் பணம் ஓடிய வாய்க்கால் வேறு.

தமிழ்நாட்டு வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1982இல் எம்ஜிஆர் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியபோது அதைக் கவர்ச்சித் திட்டம் என்றவர்கள் பலர். கஜானா காலியாகும் என்றார்கள். 2001 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களிலும் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்று எந்தக் கட்சி வந்தாலும் அதை நிறுத்த முடியாது, அது குழந்தையின் உரிமையாகிவிட்டது. அதே மாநிலத்தில் ஒரு தேர்தலில் வண்ணத் தொலைக்காட்சி, இன்னொரு தேர்தலில் மிக்சி, கிரைண்டர் வந்தன. அவை பெண்களின் வேலையைக் குறைத்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை பழுதானால் அடுத்தது கிடைக்கும் என்று யாரும் உரிமையோடு கேட்க முடியாது. கொடுத்தவர் மனசு வைத்தால்தான் உண்டு. ஒரு திட்டம் உரிமையாகிறதா, கொடையாகவே நின்றுவிடுகிறதா என்பதைப் பொறுத்தே மக்கள் தலைவரைச் சார்ந்து நிற்பதும் தம் காலில் நிற்பதும் அமைகிறது. ஜனரஞ்சகத் தலைவர்கள் பலர் கொடையாகவே வைத்திருக்க விரும்புவதற்கும் இதுவே காரணம்.

சிங்கப்பூர் இப்போது வளரும் நாடு அல்ல, இங்கே இந்த வகை அரசியல் பெரிதாக எழவும் இல்லை. என்றாலும் கடற்பாலத்து வாகன வரிசையில் நாமும் நின்றிருக்கிறோம். 2000களின் நடுவில் நம் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தபோது அடிமட்டச் சம்பளங்கள் தேங்கின. 2007இல், குறைந்த சம்பளக்காரர்களின் வருமானத்தோடு அரசு கூட்டிக்கொடுக்கும் வேலைநலன் துணை வருமானத் திட்டம் வந்தது. 2011 பொதுத்தேர்தலில் வீட்டு விலை, நெரிசலான ரயில், வெளிநாட்டினர் வருகை, அமைச்சர்களின் சம்பளம் எல்லாம் பேசுபொருளாயின. ஆளும் மக்கள் செயல் கட்சியின் வாக்கு விகிதம் 60.1 விழுக்காட்டுக்கு இறங்கியது. அல்ஜுனிட் குழுத்தொகுதி எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியிடம் போனது. அடுத்த சில ஆண்டுகளில் அமைச்சர்களின் சம்பளம் கணிசமாகக் குறைந்தது, முன்னோடித் தலைமுறையினருக்கு உதவி வந்தது, 2015இல் எந்த நோய் இருந்தாலும் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் மெடிஷீல்ட் லைஃப் மருத்துவக் காப்புறுதி வந்தது. துப்புரவாளர்களுக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை வந்தது. வாக்குப்பெட்டி எச்சரித்தது, ஆட்சியில் இருந்தவர்கள் காதுகொடுத்தார்கள். அந்தக் கதவு திறந்திருக்கும் இடத்தில் “நானே மக்கள்” என்று சொல்லி வருபவருக்கு வேலை குறைவு.

2023இல் குடும்பங்களின் வேலை வருமானத்தை வைத்துக் கணக்கிட்ட சிங்கப்பூரின் ஜினி குறியீடு 0.433. வரிகளையும் அரசு உதவிகளையும் சேர்த்துப் பார்த்தால் 0.371. இடையிலுள்ள இறக்கம் கொள்கையால் வந்தது, அது பெரிய விஷயம். ஆனால் அந்தக் கணக்கு குடிமக்கள், நிரந்தரவாசிகளின் குடும்பங்களை வைத்துப் போடப்படுவது. தங்குவிடுதிகளில் வாழும் நம் ஊர்த் தம்பிகள் அதில் இல்லை. புதுக்கோட்டையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்து இந்த நகரத்தைக் கட்டுபவர்கள் நம் ஏற்றத்தாழ்வு எண்ணுக்குள்ளும் வருவதில்லை, வாக்குப்பெட்டிக்குள்ளும் வருவதில்லை. அவர்களைச் சேர்த்தால் அந்த எண் என்னவாகும் என்ற கேள்வியைத் தமிழர்களாகிய நாமாவது விடாமல் கேட்க வேண்டும். 2020இல் கொவிட் விடுதிகளுக்குள் புகுந்தபோதுதான் பலர் அந்த அறைகளைப் பற்றி முதன்முதலாக விசாரித்தார்கள்.

தாய்லாந்தின் ஜினி குறியீடு 1992இல் 0.48ஐ ஒட்டி இருந்தது, 2021இல் சுமார் 0.35. இடைவெளி இறங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் இரண்டு ராணுவப் புரட்சிகளும் வீதிப் போராட்டங்களும் நடந்தன. எண் மட்டும் அமைதியைத் தருவதில்லை. விதிகளை யார் எழுதுகிறார்கள், தான் போட்ட ஓட்டு எண்ணப்படுமா என்பதும் மக்களுக்கு முக்கியம். தக்சினின் கட்சி ஒன்று கலைக்கப்பட்டால் இன்னொன்று, அதுவும் கலைக்கப்பட்டால் மூன்றாவது என்று வாக்காளர்கள் மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்ததன் பொருள் அது.

2023 மே மாதத் தேர்தலில் தக்சின் ஆதரவுக் கட்சி, 16 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 10,000 பாட் மின்னிலக்கப் பணம் தருவதாக வாக்களித்தது. மூவ் ஃபார்வர்ட் என்ற புதிய கட்சி கட்டாய ராணுவச் சேவையை நீக்குவோம், ஒரு சில நிறுவனங்களின் ஏகபோகத்தை உடைப்போம், ராணுவம் எழுதிய அரசியலமைப்பை மாற்றுவோம் என்றது. காசுக்கு ஓட்டை விற்பவர்கள் என்று இருபது வருடமாக ஏசப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? மூவ் ஃபார்வர்ட் 151 இடங்களோடு முதலிடம் பிடித்தது. தக்சின் கட்சிக்கு 141. தக்சினின் சொந்த மாகாணமான சியாங்மாயிலேயே 10 தொகுதிகளில் 7 புதிய கட்சிக்குப் போயின. நியமன மேலவை அதன் தலைவரைப் பிரதமராக விடவில்லை. 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் அந்தக் கட்சியையும் கலைத்தது. அதன் உறுப்பினர்கள் சில நாட்களிலேயே ‘மக்கள் கட்சி’ என்ற பெயரில் மீண்டும் கூடினார்கள்.